எஞ்சினைச் செய்வதா, மாற்றுவதா? திருகோணமலையில் ஜீப்பும் கெப்பும் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் கராஜ் பாலையூற்றுப் பக்கம் இருக்கிறது. வருகிற வாகனங்களில் பாதிக்கு மேல் மண்ணிலும் சேற்றிலும் ஓடுபவை. தம்பலகாமத்து வயலுக்கு உரமூட்டை ஏற்றும் ஹைலக்ஸ், நிலாவெளிக் கரையில் படகு இழுக்கும் பழைய மிட்சுபிஷி ஜீப், வெருகல் பக்கம் மாடு பார்க்கப் போகும் லேண்ட் ரோவர், காட்டுப் பாதையில் விளையாடுவதற்கென்றே வைத்திருக்கும் ஜிம்னி. "எஞ்சின் முடிஞ்சுது, செய்யிறதா, வேற போடுறதா?" என்று மாதத்தில் நாலைந்து பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மாற்றுவதுதான் கராஜ்காரனுக்கு இலகு. 3 நாளில் இறக்கி ஏற்றிக் காசை வாங்கிவிடலாம். செய்வதென்றால், அதாவது எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்ததைச் சரிப்படுத்தித் திரும்பப் பூட்டுவதென்றால், வாகனம் 3 கிழமை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே எஞ்சினைத் திறந்தே பார்க்காமல் ஒரு மெக்கானிக் "வேற போடுங்க" என்றால் ஏன் என்று கேளுங்கள். அது நானாக இருந்தாலும் கேளுங்கள்.

எஞ்சின் உண்மையாகவே முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

புகை வந்தாலே எஞ்சின் முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் கூட, அல்லது காற்று குறைவு. அடைத்துப்போன எயார் பில்டர், தேய்ந்த இன்ஜெக்டர், யாரோ கை வைத்துத் திருகிவிட்ட பம்ப், இப்படி ஏதாவது இருக்கும். எஞ்சினைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். காலையில் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றுவிட்டால், ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கும் பாகம்) உட்காரும் கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் வெடிப்பு விழுந்திருக்கும்.

நீலம்தான் ஒயில் எரிகிற புகை. அதிலும் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து வந்து அடங்கினால் அது பெரும்பாலும் வால்வு சீல். சுமையோடு போகும்போது பின்னால் தொடர்ந்து வந்தால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்குழாய்). டர்போ உள்ள எஞ்சின் என்றால் டர்போவின் சீலும் இதே புகையைத் தரும். டர்போக் குழாயைக் கழற்றி ஒயில் ஒழுகியிருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைக் குற்றம் சொல்லாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது. எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக நடுங்கிக்கொண்டு இருந்தால் பயமில்லை. எழும்பி ஆடிக் கீழே விழுந்து, உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று புகை தள்ளினால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த பிரீதர் நல்ல எஞ்சினையும் கெட்டது போலக் காட்டும்.

ஒயில் கணக்கையும் எழுதி வையுங்கள். 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றருக்கு மேல் குடித்தால் நாங்கள் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்வோம்.

கொம்ப்ரஷன் பார்த்தால் போதுமா?

அரைவாசி தெரியும். இங்கே அதிகம் ஓடும் டொயோட்டா 3எல் போன்ற பழைய டீசல் எஞ்சினில், நல்ல நிலையில் ஒவ்வொரு சிலிண்டரும் 400 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். 285க்குக் கீழே போனால் வரம்பு தாண்டிவிட்டது. அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். நாலும் 330 என்றால் எஞ்சின் சமமாகத் தேய்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மூன்று 400, ஒன்று 300 என்றால் அந்த ஒன்றில் தனிக் கதை இருக்கிறது.

பெற்றோல் எஞ்சினில் செய்வது போல ஒரு கரண்டி ஒயில் ஊற்றி மறுபடி பார்க்கும் பழக்கம் டீசலில் ஏமாற்றும். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடமே கொஞ்சம். ஊற்றிய ஒயில் அதை நிரப்பி வாசிப்பைத் தானாகவே கூட்டிவிடும். அதற்குப் பதிலாகக் காற்றுச் சோதனை செய்யுங்கள். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை, வால்வுகள் மூடியிருக்கும் கொம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, குளோ பிளக் துவாரம் வழியாகக் கொம்ப்ரசர் காற்றைக் கொடுத்துவிட்டுக் காது வையுங்கள். ஒயில் வாயில் இரைந்தால் ரிங் அல்லது போர். சைலன்சரில் இரைந்தால் எக்ஸோஸ்ட் வால்வு, எயார் பில்டர் பக்கம் இரைந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட். கடைசி மூன்றும் ஹெட்டோடு முடியும் வேலை. கீழ்ப்பாகத்தை இறக்காமலே சரிப்படுத்தலாம்.

செய்வதா மாற்றுவதா என்று முடிவெடுக்க முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஏன் தேய்ந்தது என்று. இதை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

போன வருடம் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா ஹைலக்ஸ் கொண்டுவந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் போட்டது. மறுபடியும் நீலப்புகை, மூடி துள்ளுகிறது. "ஏமாத்திட்டாங்க தம்பி, கெட்ட எஞ்சினத் தலையில கட்டிட்டாங்க" என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் எயார் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளாம்புக்குக் கீழே, மடிப்புக்குள், விரல் நகம் போகுமளவுக்கு ஒரு வெடிப்பு. குழாயின் உட்பக்கம் விரலை ஓட்டி எடுத்தால் குரக்கன் மா தொட்டது போல மெல்லிய செந்தூசு. பில்டர் புதிது, சுத்தமாக இருந்தது. தூசு பில்டரைத் தாண்டி வரவில்லை, பில்டருக்குப் பின்னால் நுழைந்திருக்கிறது. பழைய எஞ்சினைத் தின்றதும் அந்த வெடிப்புத்தான், புதியதைத் தின்றதும் அதுதான். எஞ்சினை மாற்றியவர்கள் அதே குழாயை எடுத்துத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

எஞ்சினைப் பிரித்தால் அதுவே சாட்சி சொல்லும். காற்றோடு வந்த தூசு போரின் மேல்பகுதியையும் முதல் ரிங்கையும் தின்னும், பேரிங் ஓரளவு நன்றாக இருக்கும். அழுக்கு ஒயிலோடு போயிருந்தால் பேரிங்கிலும் கிராங்கிலும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முதலில் கோடு விழும். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உரசியிருந்தால் சூடேறியதா, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட் வளைந்ததா என்று பார்க்க வேண்டும். புல்மோட்டைப் பக்கம் ஓடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு சிர்கோனும் இருக்கிறது. சிர்கோன் சாதாரண மணலின் குவார்ட்சை விடக் கடினமானது. அரத்தூள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காரணம் தண்ணீர். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதை ரேடியேட்டருக்கு ஊற்றி ஊற்றி, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துருக் கஞ்சியாகிவிடுகிறது. உப்புக்காற்றில் ரேடியேட்டரின் தகடுகள் கையால் தொட்டாலே உதிரும். எஞ்சின் கொதிக்கத் தொடங்கியதும் யாரோ ஒரு கெட்டிக்காரன், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லுவான். பல எஞ்சின்களில் தேமோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சுமையில் இன்னும் சூடாகும். சும்மா ஓடும்போது குளிராக ஓடித் தேய்மானம் கூடும்.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போடும் எந்த எஞ்சினும், செய்ததோ மாற்றியதோ, வாடகைக்கு எடுத்தது போலத்தான்.

ரிங்கும் பேரிங்கும் மட்டும் போட்டால் என்ன?

"மிச்சத்தப் பிறகு பாப்பம் தம்பி" என்பார்கள். போர் வரம்புக்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம். போரின் உட்சுவரைக் கல்லால் லேசாகத் தீட்டி (ஹோன் பண்ணி), ரிங் மாற்றி, வால்வு அரைத்துப் போட்ட எஞ்சின்கள் பல வருடம் ஓடியிருக்கின்றன. ஆனால் தேய்ந்த போர் நேரான குழாய் இல்லை. மேலே அகலம், கீழே ஒடுக்கம். ரிங் போகாத உச்சியில் ஒரு விளிம்பு நிற்கும். பழைய ரிங் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். புது ரிங்கின் கூர் ஓரம் போய் அந்த விளிம்பில் அடிபட்டு, ரிங் உடையும் அல்லது பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மேடு உடையும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே போரில் நகத்தை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் வெறும் ரிங் வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

எந்த எஞ்சினைச் செய்யலாம், எதைக் கைவிடலாம்?

இதற்கு அளவுதான் விடை, கண் இல்லை. 3எல் எஞ்சினின் போர் 96 மில்லிமீற்றர். ஒரு வாகனத்தில் நாங்கள் அளந்தபோது மேலே 96.27, கீழே 96.08. இந்த வகை எஞ்சினுக்கு 0.20 தான் தேய்மான வரம்பு. அப்படியென்றால் போரிங் போட்டு 0.50 கூடிய பிஸ்டன் போட வேண்டும். அது கிடைக்கிறது, எஞ்சினின் பிரதான உடலான புளொக்கில் வெடிப்பில்லை, ஆகவே செய்யலாம். மெக்கானிக்மார் "பத்து, இருபது, முப்பது" என்று சொல்வது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை. பத்து என்றால் 0.25 மில்லிமீற்றர், இருபது 0.50, முப்பது 0.75, நாற்பது 1.00. ஏற்கெனவே நாற்பது போட்ட எஞ்சின் என்றால் அடுத்தது ஸ்லீவ் அடிப்பதுதான், அதாவது போருக்குள் புதுக் குழாய் இறக்குவது. அதற்கு நல்ல கையுள்ள லேத்காரர் வேண்டும்.

கிராங்க் ஷாப்டையும் அப்படித்தான் படிப்படியாக அரைப்பார்கள். ஒரு எச்சரிக்கை. சில எஞ்சின்களில் கிராங்கின் மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள். அரைத்தால் அந்தத் தோல் போய், பேரிங் மாற்றி மாற்றியே காசு முடியும். உங்கள் எஞ்சினின் கிராங்கை அரைக்கலாமா என்று முதலில் விசாரியுங்கள். இசுசு 4ஜேபி1 போன்றவற்றில் மெல்லிய லைனர் இருப்பதால் போரிங்குக்குப் பதிலாக லைனரையே மாற்றுவார்கள். இங்கே ஓடும் எல்ஃப் லொறி எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய பாஸ்மாருக்கு அது கைவந்த வேலை.

ஹெட்டைத் தனியாகப் பாருங்கள். டொயோட்டா 2எல் வகையில் வால்வுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு வருவது எல்லாருக்கும் தெரிந்த கதை. தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யாமல் பழைய ஹெட்டைப் பூட்ட வேண்டாம்.

நான் கைவிடச் சொல்வது: ராட் உடைந்து புளொக்கைத் துளைத்தது, பிரதான பேரிங் இருக்கும் இடமே உருகித் தேய்ந்தது, கிராங்கும் ஹெட்டும் இரண்டும் ஒன்றாகப் போனது. இவற்றில் செய்யச் செய்யச் செலவு ஊறிக்கொண்டே போகும்.

தண்ணீருக்குள் இறங்கியதில் எஞ்சின் டக்கென்று நின்றுவிட்டது. முடிந்ததா?

முதலில், மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 3எல்லின் மொத்தக் கொள்ளளவு 2,779 சிசி, ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 695. அமுக்க விகிதம் 22க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 சிசி மட்டுமே. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீருக்கு மேல் உள்ளே போனால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. தண்ணீர் அமுங்காது, ராட்தான் வளையும்.

இன்ஜெக்டர்களை அல்லது குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். பிறகு ஒயில் மாற்றி, கொம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, நாலு பிஸ்டனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். ஒன்று தாழ்ந்து நின்றால் அந்த ராட் வளைந்திருக்கிறது. இப்படி வளைந்த ராட்டோடு ஓட்டி, சில மாதம் கழித்து அது உடைந்து புளொக் துளைத்த வாகனம் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு ராட், ஒரு பிஸ்டனோடு போயிருக்கும்.

கடல்நீர் என்றால் நேரம் ஓடுகிறது. அன்றைக்கே கழுவி ஒயில் போடாவிட்டால் ரிங் போரோடு ஒட்டிவிடும்.

"ரீகண்டிஷன் எஞ்சின்" என்றால் புதுப்பித்த எஞ்சின்தானே?

இல்லை. பெயரில்தான் ஏமாற்றம். நம் நாட்டில் ரீகண்டிஷன் எஞ்சின் என்று விற்பது, ஜப்பானில் ஓடிய வாகனத்திலிருந்து அப்படியே கழற்றி அனுப்பியது. யாரும் அதைப் பிரித்துச் செய்யவில்லை. வெளியே கழுவி, சில வேளை பெயின்ட் அடித்திருப்பார்கள். கெட்டது என்று சொல்லவில்லை. நல்ல வீதியில், நல்ல ஒயிலோடு ஓடியவை அவை. நாங்கள் போட்டதில் நல்லவை பல. ஆனால் வாங்குவது பாவித்த எஞ்சின் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கொழும்பில் பாவித்த வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு எஞ்சின் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

முடிந்தால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். பிழையான எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்து, திரும்ப ஏற்றி அனுப்பும் லொறிக் கூலியை நினைத்தால் மெக்கானிக்கின் ஒரு நாள் கூலி பெரிதில்லை.

ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடியுங்கள். கறுப்புத் தார் போல ஒட்டியிருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடியது. பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்தது. தண்ணீர்க் குழாய் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், துரு அப்பியிருந்தால் விடுங்கள். கிராங்கின் முன்னால் இருக்கும் பெல்ட் சக்கரத்தைச் சாவி போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு கொம்ப்ரஷனும் ஒரே மாதிரிக் கைக்கு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். அடியிலிருக்கும் ஒயில் தட்டை (சம்ப்) இறக்கி ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடமாட்டார்கள், ஆனால் கேட்கும்போது அவர்களின் முகம் நிறையச் சொல்லும். பம்ப், டர்போ, ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர் எல்லாம் சேர்ந்த விலையா, வெறும் எஞ்சினா என்று எழுதி வாங்குங்கள்.

"செக்கிங் வரண்டி" என்று, பூட்டிச் சோதித்துப் பார்க்கச் சில நாள் உத்தரவாதம் தருவார்கள். அந்த நாள் எப்போது தொடங்குகிறது என்று பேசுங்கள். பில் எழுதிய நாளிலிருந்து என்றால், இங்கே கொண்டுவந்து பூட்டி முடிக்க முன்னே அது முடிந்துவிடும்.

வாங்கியதும் அப்படியே பூட்டாதீர்கள். கிராங்கின் முன், பின் சீல்களை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் எஞ்சின் என்றால் பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப் மூன்றும். எஞ்சின் வெளியே நிற்கும்போது ஒரு மணி நேர வேலை. பூட்டிய பிறகு என்றால் ஒரு நாள்.

கொமன் ரெயில் எஞ்சின் என்றால்?

டொயோட்டா 1கேடி போன்ற, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சின்களைச் செய்வதில் பிஸ்டனும் போரும் பாதிக் கணக்குத்தான். இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்ப், சென்சர் எல்லாம் மீதிப் பாதி. பிஸ்டன் வெடித்ததற்கே காரணம் கெட்ட இன்ஜெக்டராக இருக்கலாம். இன்ஜெக்டர்களைப் பெஞ்சில் போட்டுச் சோதிக்காமல் கீழ்ப்பாகத்தைச் செய்யாதீர்கள். மாற்றுவதானால் இன்ஜெக்டரோடும் வயரிங்கோடும் முழுத் தொகுதியாக வாங்குவது நல்லது.

வேறு வகை எஞ்சின் போடலாமா? பெரிய எஞ்சின் போட்டால் இழுவை கூடுமே?

போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் மவுன்ட், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், புரொப்பலர் ஷாப்ட், டிபரன்ஷல் விகிதம் என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். ஒரே குடும்பத்துக்குள், 2எல் இருந்த இடத்தில் 3எல் அல்லது 5எல் போடுவது வேறு கதை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே பில்லையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் "எந்த எஞ்சின்?" என்பார்கள். நம்பர் பொருந்தாத வாகனத்தை விற்பதும் கஷ்டம், விபத்து நடந்தால் காப்புறுதியில் கதைப்பதும் கஷ்டம். உங்கள் பழைய புளொக்கையே செய்தால் இந்தத் தலையிடி இல்லை. செய்வதற்குச் சாதகமாக நான் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

எதைச் செய்தாலும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது. அதனால் இன்ஜெக்டரையும் பம்பையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

செலவை எப்படி ஒப்பிடுவது?

விலை கிழமைக்குக் கிழமை மாறுகிறது, இங்கே எழுதி வைத்துப் பயனில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு பக்கம் முழுச் செலவையும் மறுபக்கம் எஞ்சின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். எஞ்சின் விலையோடு லொறிக் கூலி, சீல், பெல்ட், கிளச், ஒயில், ஹோஸ், பதிவு மாற்றும் அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டுங்கள். செய்யும் பக்கத்தில் பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட் செட், போரிங், கிராங்க், ஹெட், ஒயில் பம்ப், இன்ஜெக்டர், கூலி, அப்புறம் வாகனம் நிற்கும் நாட்களின் நட்டம். மூன்று கிழமை வாகனம் இல்லாமல் அறுவடை போய்விடும் என்றால் அதையும் எழுதுங்கள்.

நான் செய்யச் சொல்வது இப்படி. முதலில் இறக்கிப் பிரித்து அளப்பதற்கு மட்டும் ஒரு கூலி பேசுங்கள். அளவுகளைத் தாளில் வாங்குங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள். பிரித்த எஞ்சினைப் பார்த்துவிட்டு "இது வேண்டாம், வேற போடுவம்" என்று சொல்வதில் வெட்கமில்லை.

லேத் கடைக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

பிஸ்டன் கைக்கு வரும் முன் போர் போட விடாதீர்கள். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். தொழில் தொடங்கிய காலம். இருபது பிஸ்டன் வருகிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, புளொக்கை இருபதுக்குப் போரிங் கொடுத்துவிட்டேன். வந்தது முப்பது. திரும்பப் போரிங். வாகனக்காரர் என் காசில் 0.25 மில்லிமீற்றர் இழந்தார், என்று சிரித்துக்கொண்டு சொல்கிறேன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. இப்போது பிஸ்டனை லேத்காரரின் கையிலேயே கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்கிறேன்.

புளொக் திரும்பி வந்ததும் சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும். ஹோனிங் கல்லின் தூள் உள்ளே இருந்தால் புது ரிங்கை அதுவே அரைத்துவிடும். டீசலால் கழுவினால் போதும் என்பார்கள், போதாது.

செய்த எஞ்சினை முதலில் எப்படி ஓட்டுவது?

மணிக்கணக்காகச் சும்மா நிறுத்தி ஓட விடுவது பழைய பழக்கம், பிழையான பழக்கம். சுமையில்லாமல் ஓடினால் ரிங் போரோடு பொருந்தாமல் போர் கண்ணாடி போலாகிவிடும், அப்புறம் என்றைக்கும் ஒயில் குடிக்கும். ஸ்டார்ட் பண்ணி, ஒயில் அழுத்தமும் ஒழுக்கும் பார்த்து, வீதிக்கு எடுங்கள். கந்தளாய் வீதியில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நடுத்தரச் சுமையில் ஓட்டுங்கள். 500 கிலோமீற்றரில் ஒயிலும் பில்டரும் மாற்றுங்கள். 1,000 வரை படகு இழுப்பதும் மணலில் முதல் கியரில் உறுமுவதும் வேண்டாம்.

வாகனமே பழையது. இவ்வளவு செலவு செய்யத் தகுமா?

எஞ்சினைப் பார்க்க முன் சேஸியைப் பாருங்கள். கரையில் ஓடிய வாகனத்தின் சேஸியைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டிங் என்று கேட்டால் இரும்பு, டப் என்று கேட்டால் துரு. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் டப் என்று கேட்டால் எஞ்சின் பேச்சை நிறுத்திவிட்டு வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கள். அவர் தலையை ஆட்டினால் வாகனத்தைப் பாகம் பாகமாக விற்பதுதான் வழி.

சேஸி நல்லதென்றால் பழையது என்பதற்காகக் கைவிட வேண்டாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கெப்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். கதவு திறந்த பிறகும் வரியோடு வரும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து பழைய வாகனத்தைத் தடவிக் கொடுக்கிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் சொந்த வாகனத்துக்கு என்ன செய்தீர்கள்?

என்னுடையது 3எல் ஹைலக்ஸ். 2021இல் செய்தேன். இருபது பிஸ்டன், கிராங்க் பத்து, ஹெட் அழுத்தச் சோதனை போட்டுத் தேறியது. அப்போது வந்த ஜப்பான் எஞ்சின்களின் விலை என் கைக்கு எட்டவில்லை என்பதும் உண்மை. இன்னும் முப்பதும் நாற்பதும் மிச்சம் இருக்கின்றன. அவையும் முடிந்தால் 5எல் ஒன்று தேடுவேன். பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை மட்டும் அதற்குப் பிறகு இரண்டு தடவை மாற்றிவிட்டேன். இரண்டு தடவையும் வெளியே பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது.